சேற்றில் ஊன்றிய முளைகள்: கடலோரச் செடிகளை ஆண்டுக்கணக்கில் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகளாக, மாதத்தில் ஒன்றிரண்டு நாட்கள் சேற்றில் இறங்கி வருகிறேன். கடற்புல்லையும் அலையாத்தி மரங்களையும் அளக்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி நான். வீட்டுக்கு வரும் உறவினர்கள், கோயிலில் சந்திப்பவர்கள், எங்களோடு முதன்முறை கரைக்கு வரும் மாணவர்கள் என எல்லாரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஏது உப்புச் சதுப்பு? இங்கே இருப்பது அலையாத்திக் காடுதானே?

ஆமாம். உப்புச் சதுப்பு என்று பாடப் புத்தகங்கள் காட்டுவது குளிர் நாடுகளின் கடலோரப் புல்வெளியை. கடல் ஏறினால் மூழ்கும், வற்றினால் வெளியே தெரியும் நிலம் அது. உப்பைத் தாங்கும் புல்லும் சிறுசெடிகளும்தான் அங்கே வளரும். உறைபனி விழும் இடத்தில் அலையாத்தி மரம் பிழைக்காது. அதனால் அங்கே புல்லின் ஆட்சி. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அதே இடத்தை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கும் கீழே, கடல் பக்கமாக, கடற்புல் வெளிகள் விரிகின்றன. தமிழ்நாட்டுக் கரையில் உமரிச் செடி படர்ந்த உவர்நிலத்தைப் பார்த்தவர்கள் உப்புச் சதுப்பின் சாயலைப் பார்த்திருக்கிறார்கள்.

சதுப்பு, அலையாத்தி, கடற்புல் மூன்றிலும் செடி எதிர்கொள்வது உப்பு, ஓதம் (கடல் ஏறி வற்றுவது), சேறு ஆகியவற்றைத்தான். அதனால் அமெரிக்கச் சதுப்பில் கண்டறிந்தது நமக்கும் பாடமாகிறது. கீழே வரும் பதில்களில் அந்தச் சதுப்புகள் எட்டிப்பார்ப்பது அதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு அலையாத்திக் காடாக இருந்தது. இப்போது எஞ்சியிருப்பது ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான்: சுங்கை பூலோ, மண்டாய், புலாவ் உபின், பாசிர் ரிஸ், இன்னும் சில துண்டுகள். இவ்வளவு குறைந்துவிட்டதால் ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எனக்கு அவசரமான வேலையாகத் தோன்றுகிறது.

பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்த்த மரங்களும் இவையும் ஒன்றா?

நெருங்கிய சொந்தங்கள். அங்கே சுரபுன்னை என்று காட்டும் ரைசோபோரா இங்கே மலாயில் பாக்காவ். வெண்கண்டல் இனமான அவிசென்னியா இங்கே அப்பி-அப்பி. சிதம்பரத்துத் தல மரமான தில்லையும் நம் சேற்றோரங்களில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். மலாயில் அதைப் புத்தா-புத்தா, அதாவது குருட்டு மரம், என்பார்கள். இலையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுவேன். பதிவுத் தாளில் மட்டும் அறிவியல் பெயரைத்தான் எழுத வேண்டும். ஊருக்கு ஊர் ஒரே பெயர் இரண்டு மரங்களைக் குறிப்பது உண்டு.

எதற்கு ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும்? ஒருமுறை போய் எண்ணிவிட்டு வந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளம் தீவுச் சதுப்பின் கதை. அங்கே ஆய்வாளர்கள் ஓடைகளில் ஏறிவரும் கடல்நீரில் நைட்ரேட் உரத்தைக் கலந்துவிட்டார்கள். ஊர்க் கழிவுநீரும் வயல் உரமும் கடலில் சேர்ந்தால் சதுப்பு என்னவாகும் என்று பார்ப்பதே நோக்கம். முதல் சில ஆண்டுகளில் புல் செழித்தது. இரண்டே ஆண்டுகளில் ஆய்வை முடித்திருந்தால், "உரம் சதுப்புக்கு நல்லது" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவர்கள் ஒன்பது ஆண்டுகள் நின்றார்கள். மண்ணுக்கு மேலே இலை பெருகிய அதே வேளையில் மண்ணுக்குக் கீழே வேர் மெலிந்துகொண்டிருந்தது. உணவு தேடி வேரை நீட்ட வேண்டிய தேவை செடிக்கு இல்லாமல் போனது. நுண்ணுயிர்கள் சேற்றிலிருந்த மக்கலை வேகமாகச் சிதைத்தன. பிடிப்பு இழந்த ஓடைக்கரைகள் பிளந்து, புல்லோடு சேர்ந்து ஓடைக்குள் சரிந்தன. பச்சை நிலம் வெறும் சேறானது. 2012-இல் வெளியான அந்த முடிவைப் படித்த நாளிலிருந்து, ஓராண்டு அளவை மட்டும் வைத்துக்கொண்டு "செடிகள் நலமாக இருக்கின்றன" என்று யார் சொன்னாலும் நான் தலையசைப்பதில்லை.

அப்படி என்னதான் அளக்கிறீர்கள், அக்கா?

இடத்தைப் பொறுத்தது. கடற்புல் வெளியில், 1998-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் முறையைப் பின்பற்றுகிறோம். 50 மீட்டர் நீளக் கயிறுகள் மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் விரிக்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றிலும் ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். கயிற்றுக்குப் பதினொரு சட்டம், மொத்தம் 33. சட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது, எந்தெந்த இனம், இலையின் உயரம் என்ன, பாசி எவ்வளவு ஒட்டியிருக்கிறது, சேறா மணலா என்று எழுதிப் படமும் எடுக்கிறோம். சிங்கப்பூரில் 12 கடற்புல் இனங்கள் உள்ளன. கரண்டி வடிவ இலையுள்ள ஹாலோஃபிலா சில மாதங்களிலேயே தோன்றி மறைந்துவிடும். நாடா போன்ற நீண்ட இலையுள்ள என்ஹாலஸ் நிதானமாக வளரும், போனால் திரும்பி வர வெகுகாலம் பிடிக்கும். இரண்டும் ஒரே விழுக்காடு குறைந்தாலும் பொருள் வேறு. அதனால்தான் இனத்தைத் தனித்தனியே எழுதச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

அலையாத்திக் காட்டில் மரத்துக்கு எண் பொறித்த தகடு கட்டி, தண்டின் சுற்றளவை அளக்கிறோம். புதிய நாற்றுகளையும் செத்த மரங்களையும் எண்ணுகிறோம். சில இடங்களில் வலைக்கூடை கட்டி, உதிரும் இலை, பூ, முளைக்குருத்துகளைச் சேகரித்து உலர்த்தி எடைபோடுவார்கள். குளிர்நாட்டுப் புல்வெளியில் வேறு வழி. தென் கரோலினாவின் நார்த் இன்லெட் சதுப்பில் 1984 முதல், குறித்து வைத்த இடங்களில் புல் தண்டுகளை வெட்டாமலே அவற்றின் உயரத்தை அளந்து வருகிறார்கள். வெட்டி எடை போடுவது துல்லியம்தான். ஆனால் வெட்டிய செடியை அடுத்த மாதம் அளக்க முடியாதே!

சுற்றளவை எந்த உயரத்தில் பிடிப்பது? பாக்காவ் மரத்தில் வேரே தோள் உயரத்துக்கு நிற்கிறதே!

நல்ல கவனிப்பு. பொதுவாக மரங்களுக்குத் தரையிலிருந்து 1.3 மீட்டர். ரைசோபோராவில் மட்டும், மிக உயரத்தில் தண்டோடு சேரும் முட்டுவேருக்கு மேலே 30 சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். மரம் வளர வளர மேலே புதிய முட்டுவேர் கிளம்பும். அப்போது அளக்கும் இடத்தை மேலே நகர்த்தினால் தண்டு திடீரென்று இளைத்தது போலக் கணக்கு காட்டும். ஆகவே முதல் நாளிலேயே தண்டில் ஒரு வண்ணக் கோடு போட்டுவிட்டு, பிறகு எப்போதும் அந்தக் கோட்டின் மேல்தான் நாடாவைச் சுற்றுகிறோம். கோட்டை இடம் மாற்ற நேர்ந்தால், இரண்டு இடத்து அளவையும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

மர வளையங்களை எண்ணினால் வளர்ச்சி தெரிந்துவிடாதா?

கோடை, குளிர் என்று மாறும் நாட்டில் தெரியும். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, தெளிவான வறட்சிப் பருவமும் கிடையாது. மரம் நின்று வளர்வதற்கான இடைவெளியே இல்லாததால் வளையத்தை நம்ப முடியாது. நாடாவும் பொறுமையும்தான் வழி.

அதே இடத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கிறதே, போதாதா?

போதாது. கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். மரக்கிளைகளுக்கு அடியில் இன்னும் மோசம். நாம் வைப்பது அரை மீட்டர் சட்டம். ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் அது வேறொரு புல்வெளி. எனவே நிலையான முளைகளை, அதாவது அடையாளக் கோல்களை, ஊன்றுகிறோம். முளையிலிருந்து திசைகாட்டி எந்தப் பாகையைக் காட்ட வேண்டும் என்பதும், பின்னணியில் எந்தப் பாறை, எந்தக் கட்டடம் தெரிய வேண்டும் என்பதும் பதிவில் இருக்கும். சிங்கப்பூரில் பின்னணிக் கட்டடத்தை மட்டும் நம்பக் கூடாது. பத்து ஆண்டுகளில் அதன் முன்னால் இன்னொன்று எழுந்துவிடும்.

முளைகளும் காணாமல் போகும். ஒருமுறை கரையைச் சுத்தம் செய்ய வந்த ஒரு குழு, பிளாஸ்டிக் குப்பை என்று நினைத்து எங்கள் முளைகள் இரண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டது. அவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள். எங்களுக்கோ அந்தக் கோட்டில் நான்கு ஆண்டுத் தொடர்ச்சி ஆட்டம் கண்டது. மீதமிருந்த மூன்றாவது முளையிலிருந்து அளந்து இடத்தை மீட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முளையிலும் "ஆய்வுக் குறி, அகற்ற வேண்டாம்" என்று நான்கு மொழிகளிலும் எழுதித் தகடு கட்டுகிறோம்.

ஏன் விடியற்காலை நான்கு மணிக்கு வரச் சொல்கிறீர்கள்? பகலில் போகக் கூடாதா?

நேரத்தை நாங்கள் குறிப்பதில்லை, கடல் குறிக்கிறது. சிங்கப்பூரில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மீட்டர் வேறுபாடு இருக்கும். கடற்புல் வெளி முழுதாக வெளியே தெரிவது அந்த ஆழ்ந்த வற்றத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான். ஆண்டின் நடுமாதங்களில் அது விடியலுக்கு முன் வாய்க்கிறது. ஆண்டு இறுதியிலும் தொடக்கத்திலும் மாலை, இரவு. அலையாத்திக் காட்டுக்குள் இவ்வளவு நெருக்கடி இல்லை, பகலிலும் அளக்கலாம். மின்னல் எச்சரிக்கை வந்தால் மட்டும் எந்த வேலையாக இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டுக் கரையேறுவோம். ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. வெட்டவெளிச் சேற்றில் நிற்கும் மனிதர்தான் அங்கே உயரமான பொருள்.

நீங்களே மாதாமாதம் மிதித்தால் செடி கெடாதா?

கெடும். இதை மறைப்பதில் பயனில்லை. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில் போல மேலே நிற்கும், மிதித்தால் ஒடியும். மிதித்த சேறு இறுகிப் போனால் வேருக்குக் காற்றும் போகாது. ஆகவே கயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கிறோம், சட்டம் வைப்பது மறுபக்கம். எல்லாரும் முன்னால் போனவரின் தடத்திலேயே கால் வைக்க வேண்டும். யாரும் நடக்காத இன்னொரு பகுதியைத் தொலைவிலிருந்து படம் எடுத்து ஒப்பிடுவதும் உதவும். சுங்கை பூலோ, புலாவ் உபினின் செக் ஜாவா போன்ற இடங்களில் பலகை நடைபாதை இருக்கும்போது, பார்க்க மட்டும் வருபவர்கள் அதைவிட்டு இறங்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

நான் 40 விழுக்காடு என்கிறேன், பக்கத்தில் இருப்பவர் 60 என்கிறார். இதில் யாரை நம்புவது?

தொடக்கத்தில் யாரையும் நம்ப வேண்டாம். அதனால்தான் ஒவ்வொருவர் கையிலும் படத்தாள் கொடுக்கிறோம். 5 விழுக்காடு, 25, 45 என்று புல் மூடிய சட்டங்களின் படங்கள் அதில் இருக்கும். எதிரே உள்ள சட்டத்தை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் எண் சொல்ல வேண்டும். மனக்கணக்கில் சொல்பவர்கள் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்கிறார்கள். பச்சை நிறம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. அளவு தொடங்கும் முன் ஒரே சட்டத்தை எல்லாரும் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு வெளியே சொல்லி, ஏன் வேறுபட்டோம் என்று பேசுகிறோம். பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க நினைக்கும் குழுவின் எண்களை நான் பயன்படுத்த மாட்டேன்.

எடுத்த படங்களைப் பிற்பாடு இன்னொருவர் மறுபடி மதிப்பிடுவார். தாளில் யார் அளந்தார் என்ற பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பழி சொல்வதற்காக அதைக் கேட்பதில்லை. ஒருவர் எப்போதும் ஐந்து கூட்டிச் சொல்பவர் என்று தெரிந்தால் பழைய பதிவையும் திருத்திக்கொள்ள முடியும்.

செடியை அளப்பவர்கள் ஏன் சேற்றின் உயரத்தையும் அளக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடலோரச் செடிக்கு அதன் கால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் வாழ்வு. ஒரு கை உயரம் இறங்கினால் ஒவ்வொரு நாளும் கூடுதல் நேரம் மூழ்கிக் கிடக்கும். ஆனால் செடி சும்மா நிற்பதில்லை. தண்டும் வேரும் நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கின்றன. மண்ணுக்குள் புதிய வேர் பெருகும்போது, தரையைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. செடி வளர்ந்தால் நிலம் உயர்கிறது, நிலம் உயர்ந்தால் செடி வாழ்கிறது. ஒண்டுராஸ் நாட்டுத் தீவுகளில் 1998-இன் மிட்ச் சூறாவளி அலையாத்தி மரங்களைக் கூட்டமாகக் கொன்ற பிறகு, வேர்கள் மக்கித் தரையே தாழ்ந்துபோனது.

இதை அளக்கும் கருவி எளிமையானது. எஃகுக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து, இனி இறங்காது என்ற ஆழம்வரை சேற்றுக்குள் இறக்குவார்கள். அதன் தலையில் ஒரு கிடைமட்டக் கையைப் பொருத்தி, ஒன்பது ஊசிகளை மெல்ல இறக்கிச் சேற்றைத் தொடவைப்பார்கள். கை நான்கு திசைகளில் திரும்பும். ஒரு கம்பிக்கு 36 அளவுகள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மாற்றத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஊசி ஒரு நண்டின் வளைக்குள் விழுந்தால் அதைக் குறித்துவிட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். சேற்று இறால் மேடு கட்டும் இடமாக இருந்தால் கம்பியை அங்கே ஊன்றாமல் இருப்பதே மேல்.

வெள்ளைப் பொடி தூவுகிறார்களே, அது மருந்தா?

இல்லை, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் தூள். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு படலமாகப் பரப்பிவிட்டு, பின்னொரு நாள் சேற்றைச் சிறு குழாயால் வெட்டி எடுத்தால் வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். மேலே ஐந்து மில்லிமீட்டர் வண்டல் சேர்ந்திருந்தும், கம்பி அளவில் தரை இரண்டு மில்லிமீட்டர்தான் உயர்ந்திருந்தால், மீதி மூன்றும் அடியில் அமுங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் இந்தக் கதை வெளிவரும்.

இந்த ஆண்டு புல் பாதியாகக் குறைந்துவிட்டதே, அழிந்துகொண்டிருக்கிறதா?

ஒரே ஆண்டைக் கொண்டு சொல்ல முடியாது. நார்த் இன்லெட் சதுப்பை மேலே சொன்னேன் அல்லவா, அங்கே புல்லின் வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறியது. கடல்மட்டம் சற்றே உயர்ந்த ஆண்டுகளில் புல் கூடுதலாக வளர்ந்தது. சேற்றின் உப்புத்தன்மை மாறியதே காரணம். ஓர் எல்லைக்கு மேல் மூழ்கினாலோ அதே புல் மடியும். போதாததற்கு, நிலவின் பாதையில் 18.6 ஆண்டுச் சுற்று ஒன்று உண்டு. அது ஓதத்தின் வீச்சைக் கூட்டிக் குறைக்கிறது. 2015-16-இல் ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் ஏறத்தாழ 7,400 ஹெக்டேர் அலையாத்தி மடிந்தபோது, எல் நினோவால் தற்காலிகமாகத் தாழ்ந்த கடல்மட்டத்தோடு இந்தச் சுற்றும் சேர்ந்து மரங்களைத் தாகத்தில் தள்ளியது என்று பிற்பாடு விளக்கினார்கள். பத்து ஆண்டுப் பதிவு நீளமானது என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சுற்றில் அது பாதியைச் சற்றே தாண்டும்.

நம் ஊரிலும் சான்று உண்டு. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் பெய்த பெருமழையில் ஜொகூர் ஆற்று வெள்ளம் செக் ஜாவாவைச் சூழ்ந்தது. நன்னீரைத் தாங்க முடியாமல் கடற்சாமந்திகளும் கடலட்டைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தன்னார்வலர்களின் டீம் சீகிராஸ் குழு 2006-இல்தான் உருவாகியிருந்தது, எனவே ஒப்பிடுவதற்கு முன்னளவு மிகக் குறைவு. கரை அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல மீண்டது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் அருகே கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, முன்னளவு இருந்த கரைகளைப் பற்றி மட்டுமே நிதானமாகப் பேச முடிந்தது. விபத்துக்கு மறுநாள் அளக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது.

கரியமில வாயு கூடினால் செடி நன்றாக வளரும் என்று படித்தேன். அப்படியானால் நல்லதுதானே?

முதலில் நல்லதாகத்தான் தெரிந்தது. மேரிலாந்தில் செசாபீக் விரிகுடாவை ஒட்டிய சதுப்பில் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் 1987 முதல், மேற்புறம் திறந்த கூண்டுகளுக்குள் கூடுதல் கரியமில வாயுவைச் செலுத்தி வருகிறார்கள். கோரை இனம் நன்றாகவே பதிலளித்தது. தண்டுகள் கூடின, எடை கூடியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கூடுதல் வளர்ச்சி மறைந்துவிட்டது. கடல்மட்டம் விரைவாக உயர்ந்து செடிகள் மூழ்கும் நேரம் அதிகமானதே காரணம் என்று 33 ஆண்டுப் பதிவைக் கொண்டு 2022-இல் சொன்னார்கள். பிளம் தீவில் ஒன்பது ஆண்டு தேவைப்பட்டது, இங்கே இருபதுக்கு மேல்.

கடல் உயர்ந்தால் சுங்கை பூலோ தப்பிக்குமா?

நேர்மையாகச் சொன்னால், வேகத்தைப் பொறுத்தது. பல்லாயிரம் ஆண்டு பழைய வண்டலை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, கடல் ஆண்டுக்கு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த காலங்களில் அலையாத்திக் காடுகளால் ஈடுகொடுத்து நிலத்தை உயர்த்த முடிந்ததற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று 2020-இல் காட்டியது. செயற்கைக்கோள் அளவின்படி 1993 முதல் உலகச் சராசரி ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது, வேகமும் கூடிவருகிறது. சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு 2024 ஜனவரியில், மிக மோசமான நிலையில் 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்றது. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குப் பத்து மில்லிமீட்டரைத் தாண்டும்.

காட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு, நிலப்பக்கம் பின்வாங்குவது. நம்மிடம் அதற்கு இடம் எங்கே? பின்னால் சாலை, கற்சுவர், நீர்த்தேக்கம். முன்னால் கடல், பின்னால் சுவர் என்று நிற்கும் காட்டுக்குத் தன் காலடியை உயர்த்துவது ஒன்றே வழி. அதனால்தான் அந்த எஃகுக் கம்பியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

நாற்றுகளை நட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா? செமாக்காவில் நட்டார்களே?

புலாவ் செமாக்காவில் குப்பைக் கிடங்குக்குக் கடலணை கட்டியபோது பாதிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாக 4 லட்சம் நாற்றுகளை 13.6 ஹெக்டேரில் நட்டார்கள். இன்று அது காடாகவே நிற்கிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உலகின் பல கரைகளில், தாழ்ந்த சேற்றிலும் கடற்புல்லின் மேலும் நட்ட நாற்றுகள் சில ஆண்டுகளில் மடிந்துபோயின. நட்ட நாளின் எண்ணிக்கை செய்தியாகிறது. ஐந்தாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று யாராவது எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். நீரோட்டமும் தரை உயரமும் சரியாக இருந்தால் முளைக்குருத்துகள் மிதந்து வந்து தாமே ஊன்றிக்கொள்ளும். புலாவ் உபினில் ஆர்வலர்கள் முயல்வது அந்த வழியைத்தான், எனக்கும் அதில்தான் நம்பிக்கை.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் படம் எடுக்கிறதே, சேற்றில் இறங்குவது பழைய பாணி இல்லையா?

இரண்டும் வேண்டும். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, காட்டின் பரப்பு கூடியதா குறைந்ததா என்று அவைதான் காட்டும். ஆனால் இப்போதைய படங்களிலேயே ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் ஊரில் மேகம் விலகுவதும் அரிது; கலங்கிய நீருக்குக் கீழே இருக்கும் கடற்புல் தெரியவே தெரியாது. எந்த இனம் குறைகிறது, வேர் மெலிகிறதா, நாற்று முளைக்கிறதா என்பதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவளும் வரலாமா? நாங்களே ஒரு கட்டம் போட்டு அளக்கலாமா?

பயிற்சி பெற்ற குழுவோடு வரலாம். சிறு வயதினருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மூடிய காலணி, நீளக் காற்சட்டை, குடிநீர், தலைவிளக்கு கட்டாயம். கல்மீனும் ஆற்றுமுகத்து முதலையும் உள்ள கரைகள் இவை. தனியாகக் கட்டம் போடுவது வேறு விஷயம். இயற்கைக் காப்பகங்களிலும் பூங்காக்களிலும் ஆய்வு செய்யவும், செடியின் ஒரு துணுக்கை எடுக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், புதிய கட்டம் தொடங்குவதைவிட ஆள் குறைந்து தவிக்கும் பழைய கட்டம் ஒன்றைத் தொடர்வதே மேல் என்பது என் கருத்து. புதியதின் முதல் பயன் கிடைக்கவே பல ஆண்டுகள் ஆகும்.

இத்தனை ஆண்டுத் தாள்களும் எங்கே இருக்கின்றன? அளந்தவர் வேலை மாறிப்போனால் என்ன ஆகும்?

பல தொடர் அளவுகள் செத்தது இதனால்தான். செடியோ கடலோ காரணமில்லை. ஒருவர் வேறு நாட்டுக்குப் போகிறார், மடிக்கணினி பழுதாகிறது, கட்டத்தின் எண் எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நீர் புகாத தாளில் பென்சிலால் எழுதுகிறோம். பேனா மை உப்புநீரில் கரைந்துவிடும். கரையேறியதும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, அன்றே இரண்டு இடங்களில் சேமிக்கிறோம். முறையில் எதை மாற்றினாலும், நாடா புதியதானாலும்கூட, தேதியோடு எழுதுகிறோம். முளைகளின் இடத்தைக் குறைந்தது மூன்று பேர் கால்நடையாகப் போய்க் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

குறிப்புப் பத்தியை வெறுமையாக விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். "இடப்பக்கம் ஆவுளியா (கடற்பசு) மேய்ந்த தடம்", "சேற்றில் எண்ணெய் வாடை", "பூ மிதக்கிறது" என்று அவசரத்தில் கிறுக்கிய வரிகள்தான், எண்கள் ஏன் மாறின என்று பின்னால் வருபவருக்குச் சொல்லியிருக்கின்றன.